பாடசாலையும் தெருவும்: நியூயோர்க் மாணவரின் கலைக்கல்வி, உடை, இசை பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயம் தன் கலைகளை இளந்தலைமுறைக்கு எவ்வாறு கையளிக்கின்றது என்பது கல்வி வரலாற்றில் ஆராயப்படவேண்டிய தலையாய வினாக்களுள் ஒன்றாகும். வகுப்பறையில், பாடவிதானத்திற்கு அமைய, ஆசிரியர் வழியாகக் கற்பிக்கப்படும் கலை ஒருவகை. வகுப்பறைக்கு வெளியே, எவரும் கற்பியாமலே மாணவர் தாமாகப் பற்றிக்கொள்ளும் இசையும் ஆடலும் உடையும் மற்றொருவகை. முன்னையது கல்வி எனவும் பின்னையது வெறும் நாகரிக மோகம் எனவும் பிரித்துக் கூறும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. தலைமயிரின் நீளத்தையும் காற்சட்டையின் அகலத்தையும் கண்டு இளைஞரின் எதிர்காலம் பற்றிக் கவலை கொள்ளாத பெரியோர் எக்காலத்திலும் அரியர்.

ஆயினும் இவ்விரு வகைகளும் ஒன்றுக்கொன்று அந்நியமானவைதாமா என்பது ஆய்வுக்குரியது. இதனை நோக்குவதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயோர்க் மாநகரம் ஏற்ற களமாகும். கலைகளுக்கெனத் தனி உயர்நிலைப் பாடசாலைகளைப் பொதுப்பணத்தில் நிறுவிய நகரம் அது. ஏனைய பாடசாலைகளிற் கலைக்கல்வியைப் பெருமளவில் வெட்டிக்குறைத்த நகரமும் அது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய 'ஹிப் ஹொப்' என்னும் மரபு பிறந்த நகரமும் அதுவே. பாடசாலைகளில் வாத்தியங்கள் இல்லாது போனமையால் வறிய மாணவர் இசைத்தட்டுப் பொறியையே வாத்தியமாக்கிக்கொண்டனர் என்ற கருத்து இன்று பரவலாகக் கூறப்படுகின்றது. கேட்பதற்கு இனிய கருத்துத்தான். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

கலைக்கெனப் பாடசாலைகள்

1930களின் பொருளாதார மந்தத்தின்போது நியூயோர்க்கின் நகர முதல்வராக இருந்தவர் ஃபியொரெலோ லா குவார்டியா. இவருடைய தந்தையார் அமெரிக்க இராணுவத்தில் வாத்தியக்குழுத் தலைவராகப் பணியாற்றிய இசைஞர். இசை கேட்டு வளர்ந்த நகர முதல்வர், வேலையின்மை தலைவிரித்தாடிய 1936ஆம் ஆண்டில், இசைக்கும் ஓவியத்திற்குமென ஓர் உயர்நிலைப் பாடசாலையை நிறுவினார். 'மியூசிக் அன்ட் ஆர்ட்' எனப் பெயர்பெற்ற அப்பாடசாலை ஹார்லம் பகுதியில், நகரக் கல்லூரிக்கு அருகே, ஒரு குன்றின்மீது அமைந்தது. அதன் கோபுர அமைப்பினைக் கண்ட மாணவர் அதனைக் 'குன்றின்மேற் கோட்டை' என அழைக்கலாயினர். பணமுடையோரின் பிள்ளைகள் தனியாசிரியரிடம் பெற்றுவந்த பயிற்சியை, திறமையுள்ள எந்தப் பிள்ளையும் கட்டணமின்றிப் பெறலாம் என்பதே அதன் அடிப்படைத் தத்துவமாகும்.

அதே ஆண்டிலே தொழில்சார் ஓவியத்தைக் கற்பிப்பதற்கென மற்றொரு பாடசாலையும் தோன்றியது. அது பிற்காலத்தில் 'ஆர்ட் அன்ட் டிசைன்' உயர்நிலைப் பாடசாலை எனப் பெயர்மாற்றம் பெற்றது. நடனம், நாடகம் ஆகியவற்றுக்கு முதன்மையளித்த 'பெர்ஃபோமிங் ஆர்ட்ஸ்' பாடசாலை 1948இல் தொடங்கப்பட்டது. உடைத்தொழிலுக்கும் தனிப் பாடசாலை இருந்தது. ஆடை தைக்கும் தொழிற்சாலைகள் நிறைந்த அந்நகரில் 1926இல் தையற்றொழிற் பாடசாலையாக ஆரம்பித்த நிறுவனம், காலப்போக்கில் உடையலங்காரத் துறைக்கான உயர்நிலைப் பாடசாலையாக வளர்ந்தது.

இப்பாடசாலைகளைப் பற்றிப் பேசும்போது இரு விடயங்களை மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, புகழ்பெற்ற கலைப்பாடசாலைகளுக்கு அனுமதி எளிதிற் கிட்டுவதன்று. பாடியோ வாசித்தோ ஆடியோ காட்டி, அல்லது வரைந்த ஓவியங்களைத் தொகுத்துச் சமர்ப்பித்து, தேர்விற் சித்தியடைந்தோரே உள்ளே செல்லலாயினர். இரண்டாவது, அத்தேர்வுக்குத் தயாராகும் நிலையை ஒரு பிள்ளை அடைவதற்கு அதற்கு முன்னரே எவரேனும் அப்பிள்ளையின் கையில் ஒரு வாத்தியத்தையோ தூரிகையையோ கொடுத்திருத்தல் வேண்டும். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அதனைக் கொடுக்கக்கூடியவர் அயற்பாடசாலையின் சங்கீத ஆசிரியரும் சித்திர ஆசிரியருமே. சிறப்புப் பாடசாலைகள் உச்சிக் கிளைகள் எனின், சாதாரணப் பாடசாலைகளின் கலைப்பாடங்களே அவற்றின் வேராகும். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வுறவு இன்றியமையாதது.

படிக்கட்டுப் பாடகரும் கறுப்புக் கைப்பட்டியும்

பாடவிதானத்தில் இடம்பெறாத இசையும் பாடசாலை மதிலுக்குள்ளேயே வளர்ந்தது. 1950களில் நியூயோர்க்கின் வறிய பகுதிகளில் வாழ்ந்த இளைஞர், வாத்தியமெதுவுமின்றிக் குரல்களை மட்டும் இணைத்துப் பாடும் 'டூ வொப்' இசையில் ஈடுபட்டனர். ஒருவர் முதன்மைக்குரலிற் பாட, ஏனையோர் பொருளற்ற அசைகளைத் தாளத்துடன் ஒலித்துத் துணைசெய்வர். தெருமுனைகளும், குரல் எதிரொலிக்கும் மாடிப்படிக்கட்டுகளும் அவர்களின் அரங்குகளாயின. 1956இல் அமெரிக்காவெங்கும் புகழ்பெற்ற ஃபிராங்கி லைமனும் அவருடைய குழுவினரும் இவ்வகையினரே. அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட இடம் ஓர் இளநிலைப் பாடசாலையாகும். பாட்டு நாடெங்கும் ஒலித்தபோது லைமனுக்கு வயது 13 மாத்திரமே. பாடசாலை விளையாட்டு வீரர் அணியும், எழுத்துப் பொறித்த கம்பளிச் சட்டையை ஒத்த உடையை அணிந்தே அவர்கள் மேடையேறினர். நாம் மாணவர் என்பதை மறையாது, அதனையே அணிகலனாகக் கொண்டமை இங்கு கவனிக்கத்தக்கது.

1960களின் நடுப்பகுதியில் மாணவர் உடை இன்னொரு பொருளையும் பெறலாயிற்று. வியட்நாம் போருக்கு எதிராக நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1965 டிசெம்பரில் அயோவா மாநிலத்தின் டெ மொயின் நகரில், போரினால் மாண்டோருக்குத் துக்கந்தெரிவித்துக் கறுப்புக் கைப்பட்டி அணிந்து சென்ற மாணவரைப் பாடசாலைகள் இடைநிறுத்தின. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1969 பெப்ரவரி 24ஆந் திகதி, ஏழு நீதியரசர் ஆதரித்தும் இருவர் மறுத்தும் வழங்கிய தீர்ப்பில், மாணவர் பாடசாலை வாயிலைக் கடக்கும்போது தம் பேச்சுரிமையை வெளியே விட்டுவருவதில்லை என நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயின், பாவாடையின் நீளம், தலைமயிரின் பாணி ஆகியன இவ்வழக்கிற் சேரா எனவும் அத்தீர்ப்பு வரையறுத்தது. கருத்தைத் தெரிவிக்கும் உடை வேறு, நாகரிகம் கருதிய உடை வேறு என்பது நீதியரசர் கண்ட பாகுபாடு. இளைஞர் வாழ்விலோ அப்பாகுபாடு அத்துணைத் தெளிவானதன்று. தம் உடையால் அவர்கள் எப்போதும் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தனர்.

பாடசாலை உடைக்காக ஒரு விருந்து

இனி, நமது ஆய்வின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். 1973 ஓகஸ்ட் 11ஆந் திகதி, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்க மாடிக்கட்டடத்தின் பொது மண்டபத்தில் ஒரு நடன விருந்து இடம்பெற்றது. அதனை ஒழுங்குசெய்தவர் அக்கட்டடத்தில் வாழ்ந்த சிண்டி காம்ப்பெல் என்னும் மாணவி. விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும்போது புதிய உடைகளுடன் செல்லவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதற்கான பணத்தைத் திரட்டவே விருந்தினை ஏற்பாடு செய்தார். பெண்களுக்கு 25 சதமும் ஆண்களுக்கு 50 சதமும் நுழைவுக் கட்டணமாகும். இசைத்தட்டுகளை இயக்கும் பொறுப்பைத் தம் தமையனார் கிளைவ் காம்ப்பெல்லிடம் ஒப்படைத்தார்.

கிளைவ் ஜமெய்க்காவிற் பிறந்து, 1967இல், தம் 12ஆம் வயதிற் குடும்பத்துடன் பிரொங்ஸில் வந்து குடியேறியவர். தொழில்நுட்ப உயர்நிலைப் பாடசாலையொன்றிற் பயின்றபோது, அவருடைய உடல்வலிமையைக் கண்ட சக மாணவர் 'ஹேர்க்கியூலிஸ்' எனப் பட்டஞ்சூட்டினர். அப்பெயரின் சுருக்கமே 'கூல் ஹேர்க்' என்னும் அவருடைய அரங்கப் பெயரில் உள்ளது. பாடலின் நடுவே பாட்டும் பிற வாத்தியங்களும் ஓய்ந்து மத்தளவொலி மட்டும் எழும் சில வினாடிகளிலேயே ஆடுவோர் உற்சாகமடைவதை அவர் அவதானித்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு பொறிகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றதில் அதனைத் தொடங்கி, சில வினாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். அவர் நாளடைவில் வளர்த்தெடுத்த இவ்வுத்தியின்மீதே 'ஹிப் ஹொப்' இசை கட்டப்பட்டது. மத்தளவொலியின்மேல் சந்தத்துடன் பேசும் 'றப்' வழக்கமும் இத்தகைய விருந்துகளிலேயே வளர்ந்தது. 2007இல் நியூயோர்க் மாநில அதிகாரிகள் அக்கட்டடத்தை 'ஹிப் ஹொப்' பிறந்த இடமென ஏற்றுக்கொண்டனர்.

உலகின் மாபெரும் இசைமரபொன்றின் பிறப்பு, ஒரு மாணவி பாடசாலைக்கு நல்ல உடை உடுத்துச் செல்ல விரும்பியதோடு இணைந்துள்ளமை வெறும் தற்செயல் எனத் தள்ளிவிடக்கூடியதன்று. பாடசாலை என்பது அறிவு பெறும் இடம் என்பதோடு, இளைஞர் ஒருவரையொருவர் காணும் இடமுமாகும். காணப்படும் இடத்திலேதான் உடைக்குப் பொருளுண்டு. வறிய வீட்டிலிருந்து வரும் மாணவர்க்குத் தூய, புதிய உடை தம் கௌரவத்தின் சாட்சியாகும். அதனை ஆடம்பரம் என இகழ்வது, வறுமையை அறியாதோர்க்கே எளிது.

தெருவில் நின்ற மாணவர்

இவ்விடத்தில், முன்னர் குறிப்பிட்ட பரவலான கருத்தை ஆண்டுகளைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். நியூயோர்க் மாநகரம் கடன்சுமையால் வங்குரோத்தின் விளிம்புக்குச் சென்றது 1975ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டிற் பல்லாயிரம் ஆசிரியர் பதவிநீக்கப்பட்டனர். செப்ரெம்பரில் ஆசிரியர் வேலைநிறுத்தம் ஏற்பட்டது. 1976இல் நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் நிலவிய இலவசக் கல்வியும் முடிவுக்கு வந்தது. பாடசாலைகளிற் கணிதமும் மொழியும் எஞ்ச, சங்கீதமும் சித்திரமுமே முதலில் வெட்டப்பட்டன. ஆனால் செட்ஜ்விக் அவெனியூ விருந்து நிகழ்ந்தது 1973இல். விளைவு காரணத்துக்கு இரண்டாண்டு முந்தியிருத்தல் இயலாது. எனவே, பாடசாலையில் வாத்தியம் பறிக்கப்பட்டமையாற் பிறந்த இசையே இது என்னும் கூற்று, அதன் தோற்றத்தைப் பொறுத்தவரை, கால ஒழுங்குக்கு ஒவ்வாதது. அதன் பிற்கால வளர்ச்சியில் அவ்வெறுமைக்குப் பங்குண்டு எனக் கொள்வதற்கு மட்டுமே இடமுண்டு.

அடுத்து, அம்மரபை வளர்த்தோர் யாவர் என நோக்கின், பாடசாலையின் சுவடுகள் எங்கும் தென்படும். 'கிராண்ட்மாஸ்ரர் ஃபிளாஷ்' எனப் புகழ்பெற்ற ஜோசப் சாட்லர், பிரொங்ஸின் சாமுவேல் கொம்பேர்ஸ் தொழிற்கல்விப் பாடசாலையில் மின்னணுவியல் பயின்றவர். ஒரு தட்டு ஒலித்துக்கொண்டிருக்க, அடுத்த தட்டினைத் தாம் மட்டும் முற்கூட்டியே காதொலிப்பானிற் கேட்டறிவதற்கான ஆளியை அவர் தாமே அமைத்துக்கொண்டார். இசைத்தட்டின்மேல் மெழுகுக்கோலாற் குறியிட்டு, வேண்டிய இடத்தைக் கண்ணாற் கண்டு பிடிக்கும் முறையையும் வகுத்தார். தொழிற்கல்வியில் மின்சுற்றைப் பயின்றவர் அவ்வறிவை இசைக்குப் பயன்படுத்தியதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

சுரங்க இரயிற்பெட்டிகளில் வண்ணந் தீட்டிய சுவரெழுத்து இளைஞருள் பெண்கள் மிகச் சிலரே. அவர்களுள் முதன்மையான 'லேடி பிங்க்' என்பவர் ஈக்குவடோர் நாட்டிற் பிறந்தவர். 'ஆர்ட் அன்ட் டிசைன்' பாடசாலையிற் பயின்ற காலத்திலேயே அவர் இத்துறையிற் பிரபலமானார். 1983இல் வெளிவந்த 'வைல்ட் ஸ்ரைல்' என்ற திரைப்படத்திலும் நடித்தார். இரயிற்பெட்டியில் எழுதுவது சட்டவிரோதம் என்பதில் ஐயமில்லை. எனினும், வகுப்பறையில் வண்ணமும் வடிவமும் பயின்ற கையே இரவில் அப்பெட்டிகளிலும் எழுதியது என்பது வரலாற்று உண்மை.

இன்னொருவர் 'சிலிக் ரிக்'. ஜமெய்க்கப் பெற்றோருக்கு இலண்டனிற் பிறந்து பிரொங்ஸிற்கு வந்த அவர், லா குவார்டியா நிறுவிய 'மியூசிக் அன்ட் ஆர்ட்' பாடசாலையிற் காண்பியக் கலை கற்றவர். அங்கு சக மாணவராயிருந்த 'டேனா டேன்' முதலியோருடன் அவர் அமைத்த குழுவின் பெயர் 'காங்கோல்' என்பதாகும். காங்கோல் என்பது ஒரு பிரித்தானியத் தொப்பி நிறுவனத்தின் பெயர். தொப்பியே குழுவின் பெயராகுமளவிற்கு உடையும் இசையும் ஒன்றியிருந்தன. கதைசொல்லும் பாணியில் அமைந்த அவருடைய பாடல்கள் பின்வந்தோர்க்கு முன்மாதிரியாயின. தேர்ந்தெடுக்கப்பட்டோரின் குன்றின்மேற் கோட்டைக்குள்ளும் தெருவின் இசை புகுந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கலைப்பாடசாலையின் செல்வாக்குத் தெருவுக்குச் சென்றமையும் உண்டு. 'பெர்ஃபோமிங் ஆர்ட்ஸ்' பாடசாலையைப் பின்னணியாகக் கொண்ட 'ஃபேம்' என்ற திரைப்படம் 1980இல் வெளியாயிற்று. கல்விச் சபை பாடசாலைக் கட்டடத்திற் படமெடுக்க அனுமதியாமையாற் படம் வேறிடங்களில் எடுக்கப்பட்டது. நடனம் பயில்வோர் கால்தசைகளைச் சூடாக வைத்திருப்பதற்கு அணியும் கம்பளிக் காலுறை, அக்காலத்தில் நடனமே அறியாத பெண்பிள்ளைகளின் நாகரிக உடையாயிற்று. 'மியூசிக் அன்ட் ஆர்ட்', 'பெர்ஃபோமிங் ஆர்ட்ஸ்' ஆகிய இரண்டும் 1984இல் லிங்கன் மையத்திற்கு அருகே ஒரே கட்டடத்திற் சேர்க்கப்பட்டு, லா குவார்டியாவின் பெயரைப் பெற்றன.

சந்தையும் சீருடையும்

மாணவர் நாகரிகத்தைச் சந்தை நெடுநாள் கவனியாதிருக்கவில்லை. 1986இல் குயீன்ஸ் பகுதியைச் சேர்ந்த 'றன் டி.எம்.சி.' குழுவினர் தாம் அணிந்த 'அடிடாஸ்' சப்பாத்தையே பொருளாக வைத்து ஒரு பாடலை வெளியிட்டனர். நாடா கட்டாமற் சப்பாத்து அணிவது அவர்களின் அடையாளமாயிருந்தது. அவ்வாண்டு மடிசன் சதுக்க அரங்கிற் பாடும்போது அவர்கள் கேட்டுக்கொள்ள, கூடியிருந்தோர் தம் சப்பாத்துகளைக் கழற்றி உயர்த்திக் காட்டினர். அதனைக் கண்டு வியந்த நிறுவனத்தார் அக்குழுவுடன் பெருந்தொகைக்கு உடன்படிக்கை செய்தனர். தெருவிற் பிறந்த பாணி, அன்றுமுதல் நிறுவனங்கள் வகுத்துத் தெருவிற்கே விற்கும் பாணியாகவும் மாறலாயிற்று. விலையுயர்ந்த சப்பாத்து இல்லாத பிள்ளை பாடசாலையிற் கூனிக்குறுகும் நிலையும் இதன் மறுபக்கமாகும்.

இதற்கு எதிர்விளைவாகச் சீருடை பற்றிய விவாதம் எழுந்தது. சீருடையைத் தனியார் பாடசாலைகளின் வழக்கமாகவே கருதிவந்த அமெரிக்காவில், 1994இல் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரம் தன் தொடக்க, இடைநிலைப் பொதுப்பாடசாலைகளிற் சீருடையைக் கட்டாயமாக்கியது. 1996 ஜனவரியில் ஜனாதிபதி கிளின்ரன் காங்கிரஸில் ஆற்றிய உரையில் இம்முயற்சியை ஆதரித்தார். வெள்ளைச் சீருடையே பாடசாலை எனக் கருதி வளர்ந்த நமக்கு இவ்விவாதம் புதுமையாகத் தோன்றலாம். ஏழைப் பிள்ளையின் மானத்தைக் காப்பது சீருடை என்பது ஒரு பக்கத்தார் வாதம். தன்னைத் தானாகக் காட்டும் உரிமையைப் பறிப்பது சீருடை என்பது மறுபக்கத்தார் வாதம். செட்ஜ்விக் அவெனியூவின் சிண்டி காம்ப்பெல்லை எண்ணிப் பார்ப்போர்க்கு இரு வாதங்களிலும் உண்மையுண்டு என்பது புலனாகும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாது? வெறுமையிலிருந்து கலை பிறந்தது என்ற கதை மாணவரின் ஆற்றலைப் புகழ்வது போலத் தோன்றினும், அதனுள் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. எதுவும் கொடாவிடினும் இளைஞர் கலை படைத்துக்கொள்வர் எனின், பாடசாலையில் சங்கீத ஆசிரியர் எதற்கு, ஓவியக்கூடம் எதற்கு என நிதியாளர் கேட்பர். உண்மையில் அவ்விளைஞர் வெறுங்கையினராய் நிற்கவில்லை. பெற்றோரின் தீவிலிருந்து வந்த இசைமரபு, பாடசாலையிற் கற்ற மின்னணுவியல், சித்திர வகுப்பிற் பெற்ற பயிற்சி, ஒன்றுகூட ஒரு மண்டபம், ஒருவரையொருவர் காணும் பாடசாலை முற்றம் ஆகிய யாவும் அவர்களிடம் இருந்தன.

1975இன் வெட்டுகளுக்குப் பின்னரும் சிறப்புப் பாடசாலைகள் நிலைத்தன. அவற்றுக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ்செய்த அயற்பாடசாலைகளே வறண்டன. கிளை தப்பியது, வேர் காய்ந்தது. நியூயோர்க் நகரம் கலைக்கல்விக்கெனத் தனிநிதி ஒதுக்கும் திட்டத்தை 1997இலேயே தொடங்கியது. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளை பாடசாலையிற் சேர்ந்து கற்று வெளியேறி, தன் பிள்ளையையும் பாடசாலைக்கு அனுப்பியிருக்கலாம். 'ஹிப் ஹொப்' படைத்தவர்களை நாம் அறிவோம். வாத்தியம் கிட்டாமையால் எதுவும் ஆகாது போனவர்களின் பெயர்கள் எவ்வரலாற்றிலும் இல்லை.

அம்மரபு தமிழரையும் எட்டியுள்ளது. 1975இல் இலண்டனிற் பிறந்து, இளமையின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்திற் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், இலண்டனில் ஒரு கலைக்கல்லூரியிற் பயின்று, ஓவியத்திலிருந்து இசைக்கு வந்தவர். 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் 2005இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட அவருடைய வரலாற்றிலும் கலைக்கல்வியும் தெருவிசையும் உடைப்பாணியும் பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளன.

நம் நாட்டுப் பாடசாலைகளிலும் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகியன அழகியற் பாடங்களாக இடம்பெறுகின்றன. பரீட்சை நெருங்கும்போது அவற்றின் நேரத்தைக் கணிதத்திற்கு இரவல் கொடுப்பதும், மாணவர் முணுமுணுக்கும் பாட்டையும் அவர்தம் தலைமயிரையும் கண்டிப்பதும் நாம் அறியாதவை அல்ல. கண்டிக்குமுன் ஒரு கணம் கேட்டுப்பார்த்தல் நன்று. முற்றத்தில் நின்று மேசையிலே தாளம் போடும் மாணவனை மண்டபத்திற்குள் அழைத்து, அவன் கையில் ஒரு மிருதங்கத்தையும் கொடுக்கக்கூடிய பாடசாலையே தெருவுக்கு அஞ்சவேண்டியதில்லாத பாடசாலையாகும்.